தாயம்: இரண்டு நோட்டுகளை முன்வைத்து

1

சூது பற்றி எழுதுவதென்றால் தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குச் சிரமமே இல்லை. குறளில் தொண்ணூற்று நான்காவது அதிகாரம் தயாராக இருக்கிறது, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில். பாஞ்சாலி இருக்கிறாள். நளன் இருக்கிறான். மேற்கோள்களை வரிசையாக அடுக்கி, கடைசியில் இளைஞர் சமுதாயத்துக்கு ஒரு அறிவுரை சொல்லி முடித்துவிடலாம். என் சித்தப்பா மகன் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"அக்கா, முழுநேரமா போக்கரே ஆடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?"

பி.இ. படித்தவன். சென்னையில் வேலையிலிருந்து, 2020 ஊரடங்கின்போது பாபநாசம் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பினான். குடமுருட்டிப் பாசனத்தில், ஒரு மடத்துக்குச் சொந்தமான பத்து மா நிலத்தைச் சித்தப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். தம்பி கைபேசியில் போக்கர் கற்றுக்கொண்டது அந்த ஊரடங்கில்தான். பிறகு தஞ்சாவூரில் கிடைத்த சின்னச் சம்பள வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் ஆடினான். இப்போது அந்த வேலையை விடலாமா என்பது கேள்வி.

நான் வள்ளுவரை எடுத்தேன். ஒன்று வந்து நூறு போகும், வென்ற பணம் மீன் விழுங்கிய தூண்டில் போல என்கிற அந்த வாதங்களை. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு நூறு பக்க நோட்டை எடுத்து வந்தான். தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை ஆட்டம், வரவு, பற்று. கடைசியில் 'தப்பு' என்று ஒரு கட்டம். அன்றைக்குத் தான் எங்கே தவறாக ஆடினேன் என்று தினமும் எழுதியிருக்கிறான். "ஜெயிச்ச அன்னிக்கும் தப்ப எழுதணும்க்கா. தப்பா ஆடியும் ஜெயிப்போம், சரியா ஆடியும் தோத்துப்போவோம்" என்றான். நமது விமர்சனக் கட்டுரைகளில் இந்த நேர்மை அபூர்வம்.

சித்தப்பாவிடமும் ஒரு நோட்டு உண்டு. சொசைட்டியில் கொடுத்த பழைய டைரியில் விதை, உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின் வாடகை, குத்தகை நெல் என்று சாகுபடிக் கணக்கு. இரண்டு நோட்டுகளையும் வாங்கி வந்து சில நாள் வைத்துப் படித்தேன். கதையும் கவிதையும் மட்டும்தான் பிரதியா என்ன?

தாயம் என்கிற சொல்லுக்கு நம் அகராதிகளில் இரண்டு பொருள்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, பரம்பரைச் சொத்து. தாயாதி என்பது அதன் வழி. மற்றொன்று, பகடை உருட்டினால் விழுவது. தாயக்கட்டை அதன் வழி. அப்பா விட்டுப்போனதும் கட்டை உருட்டி விழுந்ததும் ஒரே எழுத்தில் எழுதப்படுகின்றன. முதல் தாயம் கிடைத்தவர்கள் இரண்டாவது தாயத்தைச் சூது என்று சொல்வது எளிது. எங்கள் ஊர்ச் சேரிக்கு முதல் தாயம் எக்காலத்திலும் விழுந்ததில்லை. குத்தகைதாரரான சித்தப்பாவுக்கு அது பாதி விழுந்திருக்கிறது.

2

"இது சூது இல்லக்கா, திறமை" என்பது தம்பியின் முதல் வாதம். இதை அவன் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. நமது நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக உருவாக்கிய சொல்லாடல் இது. சிகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம், ரம்மி அப்படியல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே அதில் திறமையே மேலோங்கி நிற்கிறது. பின்னால் வந்த வழக்குகள் எல்லாம் இந்தத் திறமையைப் பிடித்துக்கொண்டே நடந்தன. 2017-இல் குஜராத் உயர்நீதிமன்றம் போக்கரைச் சூது என்றது. 2023 நவம்பர் 9-இல் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், தமிழகத்தின் தடைப்பட்டியலில் அவை இருக்க முடியாது என்றது. அதே ஐம்பத்திரண்டு சீட்டுகள், மாநிலம் மாறினால் குணமும் மாறுகிறது.

போக்கரில் திறமை உண்டு. அதை மறுப்பது அறியாமை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், ஈடு கட்டலாம், சீட்டை மடக்கிப்போட்டு விலகலாம். நல்ல ஆட்டக்காரன் பெரும்பாலான சீட்டுகளை மடக்கிவிடுகிறான். எதிராளியிடம் என்ன இருக்கக்கூடும் என்று அவன் போட்ட பந்தயங்களிலிருந்து வாசிக்கிறான். மரபும் இதை அறியும். நளன் முதலில் நாட்டைத் தோற்றது கணக்குத் தெரியாமல். தான்றி மரத்தின் காய்களை எண்ணாமலே எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம் அந்த வித்தையைக் கற்றபிறகு திரும்ப ஆடி வென்றான். வென்றதும் நிறுத்தினான், அதைத் தொழிலாக வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆக, திறமை உண்டா இல்லையா என்பதல்ல என் பிரச்சனை. திறமை என்று பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே. சீட்டை நினைவில் வைப்பது திறமை என்று உச்சநீதிமன்றம் சொன்ன அதே தேசத்தில், 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் மண்வெட்டி பிடிப்பதைத் திறன் சாராத உடலுழைப்பு என்று எழுதியது. சேற்றில் குனிந்து, பின்னோக்கி நகர்ந்து, முடிச்சிலிருந்து இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்து, ஆழம் தப்பாமல் நாளெல்லாம் ஊன்றுகிற பெண்களின் விரல்களுக்குத் தெரிவது என்ன? சித்தப்பாவின் நோட்டில் அவர்கள் 'நடவு ஆள்' என்று செலவுப் பக்கத்தில் இருக்கிறார்கள். தம்பியின் நோட்டில் இல்லவே இல்லை.

திறமை என்கிற சொல் இன்னொரு காரியமும் செய்கிறது. ஆட்டம் திறமை என்றால் தோற்றவன் திறமையற்றவன். இணைய ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் நம் மாவட்டப் பக்கங்களில் வந்துகொண்டே இருந்தன. அந்த மரணங்கள்தாம் தமிழகச் சட்டத்துக்கு உந்துதல். திறமை என்கிற சொல்லாடலுக்குள் அவர்களுக்கு இடமில்லை. ஒழுங்காக ஆடத் தெரியவில்லை, அவ்வளவுதான். கடனில் மூழ்கிய விவசாயியைப் பார்த்து 'வரவு செலவு தெரியாதவன்' என்று சொல்கிற பொதுப்புத்தியும் இதே வாக்கியத்தைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்கிறது.

3

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு சூதாடியின் புலம்பல் இருக்கிறது. பகடையை விட்டுவிடு, உன் வயலை உழு என்கிற அறிவுரையை நோக்கி அது போகிறது. சித்தப்பாவும் அதையேதான் சொன்னார்: "வயக்காட்ட பாருடா." சரி, பார்ப்போம்.

சித்தப்பா நோட்டின் தேதிகள் மேட்டூரின் தேதிகள். அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2023-இல் சரியாக ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-இல் மூடினார்கள். அந்தக் குறுவை கடைமடையில் காய்ந்தது. எங்கள் சம்பா நாற்றுக்கு வாய்க்காலில் தண்ணீர் இல்லை. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். 2025-இல் மறுபடி ஜூன் 12.

தம்பி நோட்டின் தேதிகள் சட்டத்தின் தேதிகள். 2020 நவம்பரில் தமிழக அரசின் அவசரச் சட்டம்: மதகு மூடல். 2021 ஆகஸ்ட் 3-இல் அந்தத் திருத்தச் சட்டத்தை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது: திறப்பு. 2022-இல் நீதிபதி கே.சந்துரு குழு, அக்டோபரில் மசோதா, 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பியது, பேரவை மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல்: மூடல். நவம்பர் 9 தீர்ப்பு: திறப்பு. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று விதி, அதாவது முறைப்பாசனம். கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் நிறைவேற்றி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த சட்டம். திறமையா அதிர்ஷ்டமா என்கிற பேச்சே வேண்டாம், பணம் வைத்து இணையத்தில் ஆடுவது எதுவானாலும் தடை என்று அது சொன்னது. பெரிய நிறுவனங்கள் உடனே மேசையை மடக்கின. அரை நூற்றாண்டுத் திறமைச் சொல்லாடல் ஒரு வாரத்தில் கரைந்தது. அமெரிக்காவிலும் 2011 ஏப்ரல் 15-இல் இதே மாதிரி நடந்தது. காலையில் எழுந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மேசை இல்லை.

மதகு தன் கையில் இல்லாத இரண்டு சாகுபடிகள். இதுவரை இரண்டு நோட்டும் ஒன்றுதான். வித்தியாசம் கணக்கில் வருகிறது.

தம்பி எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இது. நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து கட்டாயப் பந்தயம் அளவு லாபம் பார்க்கிறவன் நல்ல ஆட்டக்காரன். ஆனால் அந்த நூறு ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் தொண்ணூறு அளவுக்கு இருக்கும். நாலு மேசையில் ஒரே நேரத்தில் ஆடினால் ஒரு வாரத்தில் பத்தாயிரம் ஆட்டம் ஆகும். இத்தனை திறமை இருந்தும், அந்த வாரக் கடைசியில் அவன் நட்டத்தில் நிற்பதற்கு நூற்றுக்கு ஏறக்குறைய இருபத்தொன்பது வாய்ப்பு. லட்சம் ஆட்டம் ஆடி முடித்தால்தான் அது நூற்றுக்கு நாலாகக் குறைகிறது. லட்சம் ஆட்டத்துக்கு இரண்டரை மாதம், ஒரு குறுவைக்குச் சற்றுக் குறைவு.

அதாவது திறமை என்பது ஒரு ஆட்டத்தில் தெரிவதில்லை, நீண்ட காலத்தில்தான் தெரிகிறது. ஒரு குறுவைக் காலத்தில் மகன் லட்சம் ஆட்டம் ஆடுகிறான். அப்பா ஆடுவது ஒன்று. குறுவை, அப்புறம் தாளடி. முப்பத்தைந்து வருடம் தவறாமல் இரண்டு போகம் எடுத்தாலும் எழுபது ஆட்டம். அவருடைய திறமை சராசரியாகித் தெரிவதற்குள் ஆயுசு முடிந்துவிடும். 'உழைத்தால் உயரலாம்' என்பது நீண்ட காலம் உள்ளவர்களின் கருத்தியல். நம் ஆட்களிடம் இல்லாதது திறமை அல்ல. தோற்றுக்கொண்டே காத்திருப்பதற்கான முதல்தான் இல்லை.

தம்பியின் மேசையிலும் உண்மையில் நீண்ட காலம் வைத்திருப்பவன் மேசைக்காரன்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேர்கிற பணத்தில் நூற்றுக்கு ஐந்து போல ஒரு கமிஷன், ஒரு உச்சவரம்போடு. அவனுக்கு நல்ல சீட்டும் கெட்ட சீட்டும் ஒன்று. அரசுக்கும் அப்படியே. 2023 ஏப்ரல் 1 முதல் நிகர வெற்றிப் பணத்தில் முப்பது சதம் பிடித்தம். அக்டோபர் 1 முதல் கட்டுகிற பணத்தின் மீதே இருபத்தெட்டு சதம் ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. 1968-இல் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று லாட்டரிச் சீட்டை நடத்தி, 2003-இல் அதைத் தடை செய்ததும் இதே அரசு என்கிற நிறுவனம்தானே. அறம் பேசுகிறபோதும் ஆயம் வாங்குகிறபோதும் அது ஒரே குரலில் பேசுகிறது.

4

இரண்டு நோட்டிலும் பொதுவாக ஒரு பதிவு இருக்கிறது. அதைக் கண்டபிறகுதான் இந்தக் கட்டுரையை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முழுநேர ஆட்டக்காரர்களின் முதல் விதி, வீட்டுப் பணம் வேறு ஆட்டப் பணம் வேறு. ஒரு மேசையில் உட்கார ஆகிற தொகையைப் போல ஐம்பது நூறு மடங்கு தனியாக இருக்க வேண்டும், அதற்கு மேல் சில மாதச் சாப்பாட்டுச் செலவும் இருக்க வேண்டும். தம்பி இந்த விதியை மூன்று வருடம் காப்பாற்றினான். 2023 அக்டோபரில் மேட்டூர் மூடியபோது மோட்டாருக்கு டீசல் போட்டு நாற்றைக் காப்பாற்றச் சித்தப்பாவிடம் பணமில்லை. தம்பி தன் ஆட்டப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டான். அந்தச் சம்பா பிழைத்தது. ஊரில் பிள்ளையைப் பாராட்டினார்கள். நவம்பரில் தீர்ப்பு வந்து மேசை திறந்தபோது அவன் கையில் முதல் இல்லை. சித்தியின் மூணு பவுன் சங்கிலியை வாங்கி அடகு வைத்து ஆடினான். நல்ல மகனாக நடந்துகொண்ட அன்றைக்கே அவன் மோசமான ஆட்டக்காரனாகிவிட்டான்.

'அம்மா சங்கிலி' என்று அவன் நோட்டில் ஒரு வரி. அடுத்த வருடம் மீட்டுக் கொடுத்திருக்கிறான், அதுவும் பதிவாகியிருக்கிறது. சித்தப்பாவின் நோட்டைப் புரட்டினால் அதே சங்கிலி பல குறுவைகளில் வருகிறது: 'நகைக்கடன்' என்று. 2025 ஜூனிலும் வருகிறது. இந்தக் கட்டுரையை எழுதுகிறபோதும் அது சொசைட்டியில்தான் இருக்கிறது.

பாஞ்சாலி சபையில் கேட்டது திறமை அதிர்ஷ்டம் பற்றியல்ல. தன்னை வைத்திழந்த பிறகு என்னை வைக்க அவருக்கு என்ன உரிமை என்பதுதான் கேள்வி. பணயம் யாருடையது என்கிற அந்தக் கேள்வியை நமது சூது பற்றிய பேச்சுகள் எல்லாம் ஒழுக்கக் கேள்வியாக மாற்றிவிட்டன. மகன் அடகு வைத்தால் சூது, அப்பா அடகு வைத்தால் சாகுபடி. சங்கிலியின் பக்கத்திலிருந்து வாசித்தால் இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் போகிறது. சித்தியிடம் கேட்டேன். "அவரு கேட்டாலும் கழட்டிக் குடுக்குறேன், இவன் கேட்டாலும் கழட்டிக் குடுக்குறேன். என்னைய எவன் கேட்டான், குடுக்கலாமான்னு?" என்றார். அவருக்கு நோட்டு கிடையாது.

5

அப்படியானால் இரண்டும் ஒன்றுதான், போய் ஆடு என்று சொல்லிவிடலாமா? நண்பர்கள் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். முதலாளியத்தில் எல்லாமே சூதாட்டம், பங்குச் சந்தை என்ன யோக்கியம் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. எல்லாம் சூது என்று சொல்லிவிட்டால் எதையும் எடைபோட வேண்டியதில்லை, தம்பிக்குப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வித்தியாசம் எனக்குப் படுகிறது. போக்கர் மேசையில் எதுவும் விளைவதில்லை. ஆறு பேர் கொண்டுவந்த பணம் கமிஷன் போக அந்த ஆறு பேருக்குள்ளேயே சுற்றுகிறது. என் வருமானம் உன் நட்டம். திறமையாளன் பிழைக்க வேண்டுமென்றால் தன்னைவிடத் தெரியாதவர்கள் ஓயாமல் வந்து உட்கார வேண்டும். அவனைக் காப்பாற்றுகிறவர்கள் அவர்கள்தான். 2023 அக்டோபரில் நம் நாற்றைக் காப்பாற்றிய டீசல் யாருடைய பணம்? திரையில் தெரிந்த பெயர்களுக்குப் பின்னால் இன்னொரு கடைமடை விவசாயியின் மகன் இருந்திருக்கலாம். "தெரியாதுக்கா, யாருன்னு தெரிஞ்சா ஆட முடியாது" என்றான் தம்பி.

இந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. மேசையில் இருவர் ரகசியமாகச் சேர்ந்து ஆடினால் அதற்குப் பெயர் மோசடி. கூட்டுச் சேர்வதே குற்றமாக இருக்கிற ஒரு தொழில் அது. கமிஷன் அதிகம் என்று மேசைக்காரனை எதிர்த்து ஆறு பேரும் எழுந்து நிற்கிற காட்சியை என்னால் யோசிக்க முடியவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவர்கள் ஒருவர் பையில் ஒருவர் கைவிட வேண்டியவர்கள். 2025 ஆகஸ்டில் மேசை போனபோது நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஆட்டக்காரர்கள் தெருவுக்கு வரவில்லை. வர முடியாது.

வயலில் அது சாத்தியமாக இருந்தது. பி.சீனிவாசராவும் தோழர்களும் இந்த மாவட்டத்தில் கட்டிய சங்கங்கள் இல்லாமல் 1952-இன் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இல்லை. சித்தப்பாவின் பத்து மாவில் அவருக்குள்ள உரிமை அந்த வரலாற்றின் மிச்சம். லாட்டரிச் சீட்டு வந்த அதே 1968-இல், டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக, அதைச் சேர்ந்து கேட்டதற்காக. சேர்ந்து கேட்பது எவ்வளவு பெரிய அச்சுறுத்தல் என்பது நிலவுடைமையாளர்களுக்குத் தெரிந்திருந்தது. மேசைக்காரனுக்கு அந்தப் பயம் எப்போதும் இல்லை.

இதைத் தம்பியிடம் சொன்னேன். வேலையை விடாதே என்றேன். கோவாவில் மிதக்கிற காசினோக்களில் மேசை இருக்கிறது, கூட்டாளிகள் கூப்பிடுகிறார்கள் என்றான், போகாதே என்றேன். திருட்டுத்தனமாக நடக்கிற வெளிநாட்டு ஆப்கள் பக்கம் போகவே போகாதே, பணம் திரும்பாவிட்டால் கேட்பதற்கு ஒரு நாதியும் இருக்காது என்றேன்.

அவன் திருப்பிக் கேட்டதையும் மறைக்காமல் எழுத வேண்டும். "சேர்ந்து கேட்ட கத எல்லாம் சரிக்கா. எனக்கு இப்ப என்ன சங்கம் இருக்கு? நான் வேல பாக்குற எடத்துல இருக்கா? நீ பாடம் எடுக்குற காலேஜ்ல உனக்கு இருக்கா?" கௌரவ விரிவுரையாளராக வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளும் என்னிடம் இதற்கு உடனடியான பதில் இல்லை. என் வேலையும் ஜூன் மாதத்துக்குக் காத்திருக்கிற வேலைதான்.

இடதுசாரி நண்பர்களும் எழுத்தாளர்களும் இந்தக் கேள்வியைத் தமக்குக் கேட்கப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். டெல்டாவின் படித்த பிள்ளைகள் சீட்டைக் கையிலெடுப்பதற்குக் காரணம் பேராசை என்று குறள் வகுப்பு எடுப்பதில் பயனில்லை. தம்பியின் நோட்டில் பேராசை இல்லை. கூலிக்கும் குத்தகைக்கும் வெளியே, தன் திறமை தன் பெயரில் கணக்காகிற ஒரு இடத்தைத் தேடிய தவிப்பு இருக்கிறது. அந்த இடம் மேசையில் இல்லை என்று நான் சொல்கிறேன். எங்கே இருக்கிறது என்பதை அவனுக்கு மட்டும் தனியாகச் சொல்ல முடியாது.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தம்பி இன்னும் வேலையை விடவில்லை, முடிவும் செய்யவில்லை. சங்கிலியை மீட்பதற்கு வேண்டிய அசலையும் வட்டியையும் மூன்று பேருமாகப் பகிர்ந்துகொள்வது என்று பேசியிருக்கிறோம். மீட்டபிறகு அது யார் கேட்டாலும் பெட்டியை விட்டு வெளியே போகாது என்று சித்தி சொல்லியிருக்கிறார். அடுத்த குறுவைக்கு டீசலுக்கு என்ன செய்வது என்று சித்தப்பா கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.